கண்ணுக்கு ஒரே எழுத்து, டெஸ்டுக்கு வேற எழுத்து: பிளேரைட்ல தமிழ் டெக்ஸ்ட் மேட்ச் ஆக மாட்டேங்குது

சிப்புட்_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன், ஆமா துன் சம்பந்தன் பொறந்த அதே ஊருதான். கம்பெனி கேஎல்ல, நான் இங்க தமான்ல (குடியிருப்புப் பகுதி) வீட்லயே உக்காந்து கியூஏ வேல, அதாவது சாஃப்ட்வேர டெஸ்ட் பண்ற வேல, பாக்குறேன். இந்தத் தமானே நான் பொறக்குறதுக்கு முன்னாடி பால்மரக்காடு, அம்மா இன்னமும் பஸ் ஸ்டாப்ப பழைய தோட்ட டிவிசன் பேர சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சரி விசயத்துக்கு வர்றேன்.

ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு உறுப்பினர் போர்ட்டல் செஞ்சிக்கிட்டு இருக்கோம். மலாய், ஆங்கிலம், தமிழ் மூணு மொழியும் உண்டு. புது டெஸ்ட் எல்லாம் பிளேரைட்ல (பிரவுசர தானா ஓட்டி டெஸ்ட் பண்ற கருவி), டைப்ஸ்கிரிப்ட். அதுக்கு முன்னாடி ஒருத்தர் எழுதி வச்சுட்டுப் போன செலினியம் ஜாவா சூட்டும் (அதே மாதிரி இன்னொரு கருவில எழுதுன டெஸ்ட் தொகுப்பு) இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அத நிறுத்த யாருக்கும் தைரியம் இல்ல.

எனக்கு வர்ற தொல்லைய எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பேர் தேடுற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, சர்ச் பாக்ஸ்ல பேர் போட்டா லிஸ்ட்ல அந்த ஆள் வரணும், அவ்வளவுதான். நான் கௌரி-ன்னு டைப் பண்ணா ஒண்ணும் வரல, ஃபெயில். சரி லிஸ்ட்ட முழுசா தெறந்து அந்த வரிய மட்டும் செக் பண்ணுவோம்னு மாத்துனா அதுவும் ஃபெயில். எரர்ல என்னா காட்டுதுன்னா, எதிர்பார்த்தது "கௌரி", கெடச்சது "கெளரி". நீங்களே பாருங்க, ரெண்டும் ஒண்ணுதானே? அரைமணி நேரம் ஸ்கிரீன்ல மூக்க வச்சுப் பாத்தேன், தம்பியக் கூப்பிட்டுக் காட்டுனேன், அவனும் ஒண்ணுதான்னு சொல்றான்.

இது போக பணம் காட்டுற எடம். பக்கத்துல "ஆர்எம் 1,250.00"னு அழகா தெரியுது. பிளேரைட் டெஸ்ட் பாஸ். அதே பக்கத்த செலினியம் சூட்ல எக்ஸ்பாத்ல (பக்கத்துக்குள்ள எலிமெண்ட்ட தேடுற மொழி), ஸ்பேஸ சீராக்குற நார்மலைஸ் ஸ்பேஸ் எல்லாம் போட்டுத் தேடுனா அப்படி ஒரு எலிமெண்டே இல்லங்குது. மலாய்ப் பக்கத்துல "லோக் மாசோக்" (உள்நுழை) பட்டன் கத வேற, பிளேரைட்டுக்கு மொத எழுத்து மட்டும் பெருசு, செலினியத்துக்கு எல்லாமே பெரிய எழுத்து, எது நெசம்?

கடைசியா ஒண்ணு, இது எனக்குப் பேய் புடிச்ச மாதிரி இருக்கு. "இன்றைய தேதி" டெஸ்ட் காலையில 6 மணிக்கு ஓட்டுனா ஃபெயில், பசியாறிட்டு வந்து 9 மணிக்கு மேல ஓட்டுனா பாஸ். நெட்டு ஸ்லோன்னு நெனச்சு எல்லா எடத்துலயும் 5 செகண்ட் வெயிட் போட்டுட்டேன், இப்ப சூட் முடிய 40 நிமிசம் ஆகுது, லீடு திட்டுறாரு.

லீடு சொல்றது "டெக்ஸ்டே பாக்காதம்மா, எல்லாத்துக்கும் டெஸ்ட் ஐடி போட்டுடு", அதாவது ஒவ்வொரு எலிமெண்ட்டுக்கும் டெஸ்ட்டுக்குன்னே திரையில தெரியாத ஒரு பேர். நான் நெனைக்கிறது, ஒரு ஹெல்ப்பர் ஃபங்ஷன் எழுதி ரெண்டு பக்கத்து டெக்ஸ்டையும் நல்லா கழுவி, ஸ்பேஸ், பெரிய எழுத்து சின்ன எழுத்து, தமிழ் எழுத்து எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு அப்புறம் கம்பேர் பண்ணலாம்னு. எது சரி?


கிந்தா_கோடு:

உங்க லீடு சொல்றது சரிதான் லா. டெக்ஸ்ட் தெனம் மாறும், மொழிபெயர்ப்பு பண்றவங்க ஒரு நாள் "உள்நுழை"ன்னு போடுவாங்க, அடுத்த வாரம் "உள்ளே செல்க"ன்னு மாத்துவாங்க, ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் ஒடையும். டெஸ்ட் ஐடி போட்டா யாரும் தொட மாட்டாங்க. எங்க டீம்ல ரெண்டு வருசமா அப்படித்தான், தலவலியே இல்ல. அந்த 5 செகண்ட் வெயிட்ட மொதல்ல தூக்குங்க.


பழைய_கிராணி:

தங்கச்சி, கேள்வி ஒண்ணு மாதிரி கேட்டிருக்கீங்க, ஆனா உள்ள நாலு கேள்வி இருக்கு, நாலுக்கும் நாலு காரணம். ஒரே ஹெல்ப்பர்ல எல்லாத்தையும் கழுவுனா நாலும் மறைஞ்சுடும், அதுதான் எனக்குப் பயம்.

மொதல்ல அந்தக் கௌரி. உங்க போஸ்ட்ல இருந்தே ரெண்டையும் காப்பி பண்ணி பிரவுசர் கன்சோல்ல போட்டு ஒவ்வொரு எழுத்தோட கோட் பாயிண்ட்டையும் (யூனிகோடு எழுத்துக்குக் குடுத்திருக்குற எண்) எண்ணிப் பாத்தேன். நீங்க டைப் பண்ணது 2965, 3020, 2992, 3007, மொத்தம் 4. டேட்டாபேஸ்ல இருந்து வந்தது 2965, 3014, 2995, 2992, 3007, மொத்தம் 5. அதாவது உங்களோடது க-வும் ஔகாரக் குறியும். அங்க இருக்குறது க-வும் ஒத்தக் கொம்பும், அதுக்கப்புறம் முழு ள எழுத்தும். கண்ணுக்கு அச்சா ஒண்ணுதான், ஔகாரக் குறியோட பின்பக்கம் ள மாதிரியே இருக்குறதால வர்ற வென இது. பழைய டைப்ரைட்டர்லயும் பழைய ஃபான்ட்லயும் பழகுன கைங்க இன்னமும் கொம்பு அடிச்சு, க அடிச்சு, ள அடிச்சு முடிச்சுடுவாங்க. கௌரி மட்டும் இல்ல, சௌந்தரி, பௌர்ணமி, மௌனம், ஔவையார் எல்லாருக்கும் இதே கதிதான்.

யூனிகோடு நார்மலைசேஷன் போட்டா சரியாயிடும்னு யாராச்சும் சொல்லுவாங்க, இதுல சரியாகாது. கொ-ங்குறது ஒரே குறியா 3018னு வரலாம், இல்ல கொம்பு 3014, கால் 3006னு ரெண்டாப் பிரிஞ்சும் வரலாம், அத என்எஃப்சிங்குற நார்மலைசேஷன் போட்டா ஒண்ணாச் சேத்துடும், ஏன்னா யூனிகோடு அந்த ரெண்டும் சமம்னு ஒத்துக்குது. ஔகாரத்துக்கும் பின்பக்கக் குறின்னு 3031ல தனியா ஒண்ணு இருக்கு, கொம்பு கூட அது வந்தா சேரும். ஆனா கொம்பு கூட ள எழுத்து வந்தா அது எழுத்துப் பிழை, யூனிகோடு கண்ணுல அது வேற சொல்லு. ஸ்ரீ-யும் இதே மாதிரிதான். ஶ-ங்குற எழுத்து 2005ல யூனிகோடு 4.1ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாரும் ஸ வச்சு ஸ்ரீ எழுதுனாங்க, இப்ப சில கீபோர்டு 3000ல ஆரம்பிக்குற ஸ்ரீ-ய குடுக்குது, சிலது 2998ல ஆரம்பிக்குற ஶ்ரீ-ய குடுக்குது. பெரும்பாலான ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவம். நம்ம ஊர்ல கோயில் பேர்ல, ஆளுங்க பேர்ல எத்தன ஸ்ரீ இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, உங்க டெஸ்ட் பொய் சொல்லல. நீங்க கௌரின்னு தேடுனப்ப ஒண்ணும் வரலன்னு சொன்னீங்களே, கவுண்டர்ல ஒக்காந்திருக்குற புள்ளையும் அதே மாதிரி அவங்க போன்ல சரியா கௌரின்னு டைப் பண்ணுவாங்க, அப்பவும் ஒண்ணும் வராது, "உங்க பேரே இங்க இல்லையேம்மா"ன்னு சொல்லி ஒரு வயசான அம்மாவத் திருப்பி அனுப்பிடுவாங்க. எங்க அப்பா தோட்டத்துல கிராணியா (எழுத்தர்) இருந்தவரு, செக்ரோல்ல (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பேர் எழுதுறது அவரு வேல. ஒரே ஆளுக்கு ஐசில (அடையாள அட்டை) ஒரு ஸ்பெல்லிங், செக்ரோல்ல ஒண்ணு, சேமநிதிக் கார்டுல இன்னொண்ணு இருக்கும், அந்த ஆளு ரிட்டையர் ஆகி காசு எடுக்கப் போறப்ப ஒரே ஒரு எழுத்துக்காக சத்தியப் பிரமாணம் எழுதி, கையெழுத்து வாங்கி, நாலு தடவ பஸ் ஏறி அலஞ்சத நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். கம்ப்யூட்டர் வந்தும் அதே அலைச்சல நாம குடுக்கக் கூடாது லா. நீங்க டெஸ்ட்டுக்குள்ள கழுவி கம்பேர் பண்ணா டெஸ்ட் பச்சையாயிடும், அந்த அம்மா வெளிய நிப்பாங்க.

கழுவ வேண்டிய எடம் சர்ச். டெவலப்பர்கிட்ட சொல்லி தேடுறதுக்குன்னு தனியா ஒரு காலம், அதாவது டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு பத்தி, வைக்கச் சொல்லுங்க. சேமிக்குறப்ப பேர தொடக் கூடாது, அவங்க எழுதுன மாதிரியே இருக்கணும். தேடல் காலத்துல மட்டும் மொதல்ல என்எஃப்சி, அப்புறம் ஔகாரக் குறி எங்க வந்தாலும் அத கொம்பு, ள-ன்னு பிரிச்சுடணும், தனி ஔ வந்தா ஒ, ள-ன்னு பிரிச்சுடணும், ஶ வந்தா ஸ ஆக்கிடணும், 8204, 8205ன்னு கண்ணுக்குத் தெரியாத பிரிப்பு, சேர்ப்புக் குறி இருந்தா எடுத்துடணும். தேட வர்ற சொல்லுக்கும் அதே வேலைய செய்யணும். கவனிங்க, பிரிக்கணும், சேக்கக் கூடாது. கொம்பும் ள-வும் பாத்தவொடனே ஔகாரமாச் சேத்தீங்கன்னா "வெளி", "தெளிவு", "வெள்ளி" எல்லாம் நாசமாயிடும், அதுல எல்லாம் ள நெசமாவே ள. பிரிக்குற பக்கம் போனா எதுவும் ஒடையாது.

மத்த மூணையும் வேற யாராச்சும் சொல்லுவாங்க, எனக்கு இப்ப மாமாக் கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்காங்க.


செம்பனை_டெவ்:

அண்ணன் சொன்னது சூப்பர். மிச்சத்த நான் எடுத்துக்குறேன்.

பணம்: ஆர்எம்முக்கும் 1,250க்கும் நடுவுல இருக்குறது சாதா ஸ்பேஸ் இல்ல, நம்பர் 160, வரி ஒடையாத ஸ்பேஸ். நீங்க கையால போடல, பிரவுசரோட இன்டில் நம்பர் ஃபார்மட் மலேசியா லொக்கேல்ல (மொழி, நாட்டு அமைப்பு) அப்படித்தான் குடுக்கும், காசுக் குறி ஒரு வரியிலயும் தொகை அடுத்த வரியிலயும் போய் ஒக்காரக் கூடாதுன்னு. எக்ஸ்பாத்தோட நார்மலைஸ் ஸ்பேஸ் 1999ல எழுதுன விதி, அதுக்குத் தெரிஞ்சது ஸ்பேஸ், டேப், ரெண்டு வகை வரி முறிவு, நாலே நாலு. 160அ அது ஸ்பேஸாவே மதிக்காது. பிளேரைட் ஜாவாஸ்கிரிப்ட்டோட ஸ்பேஸ் கணக்க வச்சு சுருக்குது, அதுல 160 அடக்கம், அதனால பாஸ். செலினியத்துல எலிமெண்ட்ட வேற வழியில புடிச்சுட்டு அப்புறமா கெட் டெக்ஸ்ட் எடுத்து கம்பேர் பண்ணுங்க, அது 160அ சாதா ஸ்பேஸா மாத்தியே குடுக்கும். எக்ஸ்பாத்துலயே வேணும்னா டிரான்ஸ்லேட் போட்டு மாத்திக்கலாம், ஆனா படிக்குறவன் கண்ணுக்கு ரெண்டு ஸ்பேஸ்தான் தெரியும், ஆறு மாசம் கழிச்சு எவனாச்சும் "ஏன் ஸ்பேஸ ஸ்பேஸா மாத்துற"ன்னு அழிச்சுட்டுப் போவான். கமெண்ட் எழுதி வையுங்க.

இதே குடும்பத்துல இன்னொருத்தன் இருக்கான், 8239, குறுகலான ஸ்பேஸ். நோடு (பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது, பிளேரைட் டெஸ்டும் அதுலதான் ஓடுது) 20க்கு மாறுனப்ப அமெரிக்க ஆங்கில நேரத்துல ஏஎம், பிஎம்முக்கு முன்னாடி இவன் வந்து ஒக்காந்தான், ஒரே ராத்திரியில எங்க யூனிட் டெஸ்ட் பாதி செவப்பாயிடுச்சு. குரோம் 110ல கூட வந்துட்டு, எல்லாரும் கத்துனதும் திரும்ப எடுத்துட்டாங்க.

ஒரு எச்சரிக்க, பிளேரைட் ஸ்பேஸ சுருக்குறது நீங்க சாதா ஸ்ட்ரிங் குடுத்தா மட்டும்தான். டெக்ஸ்ட்ட சரிபார்க்குற டு ஹேவ் டெக்ஸ்ட்டுக்கு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவ விதி) குடுத்தா பக்கத்துல இருக்குறத அப்படியே எடுத்துப் பாக்கும். "ஸ்ட்ரிங்ல பாஸ், ரெஜெக்ஸ்ல ஃபெயில்"னு யாராச்சும் வந்தா மொதல்ல இதத்தான் பாப்பேன்.

பெரிய எழுத்து: உங்க சிஎஸ்எஸ்ல டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபார்ம் அப்பர்கேஸ் இருக்கும், போய்ப் பாருங்க. செலினியம் கெட் டெக்ஸ்ட் திரையில வரைஞ்சத குடுக்கும், பிளேரைட் சும்மா விட்டா எச்டிஎம்எல்ல எழுதுனத குடுக்கும், இன்னர் டெக்ஸ்ட் ஆப்ஷன் போட்டா அதுவும் திரையில இருக்குறத குடுக்கும். ரெண்டும் நெசம்தான். தமிழ்ப் பக்கத்துல உங்களுக்கு இந்தத் தொல்ல வராததுக்குக் காரணம் தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கெடையாது, அவ்வளவுதான்.

காலைப் பேய்: டெஸ்ட் ஓடுற சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு, பிரவுசருக்கு யாரோ கோலாலம்பூர் டைம்சோன் செட் பண்ணியிருக்காங்க, இல்லையா? நாம யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னாடி. ராத்திரி 12ல இருந்து காலையில 8 வரைக்கும் நோடுக்கு இன்னும் நேத்து, பிரவுசருக்கு இன்னைக்கு. எதிர்பார்த்த தேதிய நோடு பக்கம் செய்றீங்க, பக்கத்துல தெரியுற தேதிய பிரவுசர் செய்து. பால்வெட்டுப் போற நேரத்துல ஃபெயில், வெயில் ஏறுனா பாஸ். 5 செகண்ட் இல்ல, 5 மணி நேரம் வெயிட் போட்டிருந்தா பாஸ் ஆயிருக்கும் ஹாஹா. கான்ஃபிக்ல டைம்சோன், லொக்கேல் ரெண்டையும் எழுதி, பிளேரைட்டோட கிளாக்க ஒரு குறிப்பிட்ட நாள்ல நிறுத்தி வச்சுட்டு, அந்த நாள கையால எழுதுன எழுத்தாவே எதிர்பாருங்க.

அப்படியே உறுப்பினர் பொறந்த தேதி காட்டுற எடத்தையும் ஒரு தடவ பாத்துடுங்க, 1982க்கு முன்னாடி பொறந்தவங்கள வச்சு. சும்மா சொல்றேன்.


சிப்புட்_பொண்ணு:

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சிஎஸ்எஸ்ல அப்பர்கேஸ் இருந்துச்சு. டைம்சோன் நீங்க சொன்ன மாதிரியேதான், சர்வர் யூடிசி.

அந்த 1982 என்னாது? எனக்குப் புரியல, ஆனா டெஸ்ட் டேட்டாவுல 1956 மார்ச் 12ல பொறந்த ஒருத்தர் இருக்காரு, பக்கத்துல 11 மார்ச்னு காட்டுது. ஐசி நம்பர் 560312ன்னுதான் ஆரம்பிக்குது. இத்தன நாளா யாரும் கவனிக்கல, நானும்தான்.


செம்பனை_டெவ்:

புடிச்சீங்க! 1982 ஜனவரி 1ல தீபகற்பத்துல கடியாரத்த அரைமணி நேரம் முன்னாடி தள்ளுனாங்க, சபா சரவாக் நேரத்தோட ஒண்ணாக்குறதுக்கு. அதுக்கு முன்னாடி இங்க யூடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னாடி. உங்க பேக்எண்ட் யாரோ எப்பவுமே 8 மணின்னு வச்சு கழிச்சு சேமிச்சிருக்காங்க, அப்ப மார்ச் 12 நடு ராத்திரிங்குறது யூடிசியில 11ந் தேதி சாயங்காலம் 4 மணி. பிரவுசருக்குப் பழைய கணக்கும் தெரியும், 1956க்கு ஏழரை மணி நேரம்தான் கூட்டும், 11ந் தேதி ராத்திரி பதினொன்றரை. ஒரு நாள் கொறஞ்சுடுச்சு. பொறந்த தேதிய நேரமாச் சேமிக்கவே கூடாது, வெறும் தேதியா வைக்கணும். தோட்டத்துப் பெருசுங்க மொத்தப் பேரும் 82க்கு முன்னாடி பொறந்தவங்கதான், உங்க உறுப்பினர்ல பாதிக்கு மேல தப்பாத்தான் தெரியும்.


கிந்தா_கோடு:

சரி சரி, இது நல்ல பக்தான், ஒத்துக்குறேன். ஆனா நான் சொன்னது இன்னும் நிக்குது. எலிமெண்ட்ட கண்டுபுடிக்க டெக்ஸ்ட்ட நம்பக் கூடாது. கெட் பை டெக்ஸ்ட்ல "உறுப்பினர்"னு போட்டா "உறுப்பினர்கள்", "புதிய உறுப்பினர்", "உறுப்பினர் எண்" எல்லாத்தையும் புடிச்சு ஸ்ட்ரிக்ட் மோட் எரர் (ஒண்ணுக்கு மேல மாட்டுச்சுங்குற எரர்) வரும், ஏன்னா சும்மா விட்டா அது சொல்லுக்குள்ள எங்க இருந்தாலும் மேட்ச் பண்ணும். தமிழ்ல வால் நீளும் லா, கடன், கடன்கள், கடன்களை, கடன்களுக்கு.


பழைய_கிராணி:

தம்பி, கண்டுபுடிக்குறது வேற, சரிபார்க்குறது வேற. அந்த வரி எங்க இருக்குன்னு புடிக்க டெஸ்ட் ஐடி போட்டுக்கோங்க, நான் சண்டைக்கு வரல. ஆனா பட்டன் மேல என்னா எழுதியிருக்குன்னு ஒருத்தரும் பாக்கலன்னா, "பணம் கட்டு"ங்குற எடத்துல மொழிபெயர்ப்புச் சாவி அப்படியே ஆங்கிலத்துல புள்ளி புள்ளியா தெரிஞ்சாலும் உங்க சூட் பச்சையாவே இருக்கும். லயத்துல (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்குற ஆளு டெஸ்ட் ஐடியப் படிச்சா பட்டன் அமுக்குவாரு? பட்டன், லிங்க் மாதிரி சாமானுக்கு ரோல் (அது பட்டனா, லிங்க்காங்குற வகை) வச்சு பேரோட புடிக்குறதுதான் எனக்குப் புடிச்ச வழி, கண்ணு தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல கேக்குறதும் அந்தப் பேருதான்.

வால் பிரச்சனைக்கு எக்ஸாக்ட் (முழுசா ஒத்துப் போகணும்ங்குற ஆப்ஷன்) போடுங்க. ரெஜெக்ஸ்ல சொல் எல்லைக் குறி போட்டுத் தப்பிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஜாவாஸ்கிரிப்ட் கணக்குல சொல் எழுத்துன்னா ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு அவ்வளவுதான், தமிழ் எழுத்து எதுவுமே சொல்லு இல்ல. சரியா எழுதுன மாதிரியே இருக்கும், ஒருக்காலும் மேட்ச் ஆகாது. இன்னொண்ணு, "பால"ன்னு தேடுனா பாலா, பாலு, பாலியும் மாட்டும். கம்ப்யூட்டருக்கு ல-வுக்குப் பின்னாடி வர்ற குறி அடுத்த எழுத்துதான், நமக்குத்தான் லா, லு எல்லாம் ஒரே எழுத்து.

தங்கச்சிக்கு ஒண்ணு கேக்கணும். "இது தெரியக் கூடாது"ன்னு சொல்ற டெஸ்ட் எத்தன வச்சிருக்கீங்க? செவப்பா நிக்குற டெஸ்ட் நம்மள எழுப்பிடும், அத விடுங்க. இந்த இல்ல-ங்குற டெஸ்ட்தான் வீட்டுக்குள்ள இருக்குற திருடன். எழுத்து ஒண்ணு மாறுனாலும், ஸ்பேஸ் 160 ஆனாலும் அது மேட்ச் ஆகாது, மேட்ச் ஆகலன்னா அதுக்கு பாஸ்.


சிப்புட்_பொண்ணு:

அண்ணே இத படிச்சுட்டு வயித்தக் கலக்கிடுச்சு, ஒடனே தேடிப் பாத்தேன். மொத்தம் 23 இருக்கு. கடன் கட்டி முடிச்சவங்களுக்கு "நிலுவை உள்ளது"ன்னு வரக் கூடாதுன்னு ஒரு டெஸ்ட், ரொம்ப முக்கியமான டெஸ்ட். மொழிபெயர்ப்பு எப்பவோ "நிலுவைத் தொகை உள்ளது"ன்னு மாறியிருக்கு. கட்டாதவங்க பக்கத்துல வச்சு ஓட்டுனா அதுலயும் பாஸ்! எத்தன மாசமா சும்மா பச்சை காட்டிக்கிட்டு இருந்துச்சோ.

இப்ப எப்படி மாத்தியிருக்கேன்னா, அந்த வாசகத்த ஒரே எடத்துல வச்சுட்டேன், மொழிபெயர்ப்பு ஃபைல்ல இருந்தே எடுக்குது. ஒரே டெஸ்ட்ல மொதல்ல கடன் பாக்கி இருக்குற நெலமையில அது தெரியுதான்னு பாக்குறேன், அப்புறம் பணத்தக் கட்டி முடிச்சு அதே வாசகம் போயிடுச்சான்னு பாக்குறேன். தெரிஞ்சது போகணும், அப்பத்தான் பாஸ்.


செம்பனை_டெவ்:

நல்லது. ஆனா ஃபைல்ல இருந்து எடுத்தா ஃபைல்ல தப்பா இருந்தாலும் டெஸ்ட் தப்பையே சரின்னு சொல்லும், அதனால நாலஞ்சு முக்கியமான வாசகத்த, பணம், நிலுவை, கையெழுத்து மாதிரி, டெஸ்ட்லயே முழுசா கையால எழுதி வைங்க. மிச்சத்துக்கு ஃபைல் போதும்.

அந்த வெயிட்ட தூக்குனீங்களா? டெக்ஸ்ட்ட மொதல்ல வெளிய எடுத்து வச்சுட்டு அப்புறம் சாதா எக்ஸ்பெக்ட் போட்டா ஒரே ஒரு தடவதான் பாக்கும், அப்ப "ஏற்றப்படுகிறது"ன்னு இருந்தா அதையே புடிச்சுக்கும். லொக்கேட்டரையே (எலிமெண்ட்ட எப்படித் தேடணும்ங்குற குறிப்பு) எக்ஸ்பெக்ட்டுக்குள்ள குடுத்து அவெயிட் போட்டா அதுவே திரும்பத் திரும்பப் பாக்கும், சும்மா விட்டாலே 5 செகண்ட் வரைக்கும், வந்தவொடனே அடுத்த வரிக்குப் போயிடும்.


சிப்புட்_பொண்ணு:

தூக்கிட்டேன். 40 நிமிசம் இருந்தது 11 நிமிசம். லீடு ஒண்ணும் சொல்லல, சொல்லலன்னா சந்தோசம்னு அர்த்தம்.

தேடல் காலம் போன வாரம் போட்டாங்க. டெஸ்ட்ல ஒரே பேர மூணு விதமா போட்டுத் தேடுறேன், சரியான கௌரி, ள போட்ட கெளரி, குறி ரெண்டாப் பிரிஞ்சது. மூணுக்கும் அதே ஆள் வரணும், வருது. டெஸ்ட் ஃபைல்ல எழுத்தா எழுதாம கோட் பாயிண்ட் எண்ணா எழுதியிருக்கேன், இல்லன்னா எடிட்டர்ல பாக்குறவங்க "ஏன் ஒரே பேர மூணு தடவ எழுதியிருக்க"ன்னு ரெண்ட அழிச்சுடுவாங்க. ஹெல்ப்பர் எழுதல.

பொறந்த தேதி விசயம் பேக்எண்ட்ல இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க, எல்லாருக்கும் ஒரு நாள் கூட்டிடலாமான்னு ஒருத்தர் கேட்டாராம். ஐசி நம்பரோட மொத ஆறு எண்ண பக்கத்துல தெரியுற தேதியோட ஒப்பிட்டு ஒரு டெஸ்ட் எழுதி வச்சுட்டேன், 1956 செவப்பு, 1981 செவப்பு, 1983 பச்சை. அத அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டேன்.

நேத்து அம்மாகிட்ட 82ல கடியாரம் மாத்துன கதையக் கேட்டேன். பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குறது) போற நேரம் அரைமணி மாறுனதுல அன்னைக்கு லயத்துல பாதிப் பேரு லேட்டாம், மண்டோர் (வேலைய மேற்பார்க்குறவரு) கத்துனது இன்னும் ஞாபகம் இருக்காம் அவங்களுக்கு.


பழைய_கிராணி:

எங்க அப்பாவும் அன்னைக்கு லேட்டுதான். கிராணிங்குறதால செக்ரோல்ல அவரே எழுதிக்கிட்டாரு.

ஸ்ரீ-க்கும் ஒரு டெஸ்ட் போட்டுடுங்க தங்கச்சி, அத விட்டுட்டீங்க.